13 வயசுப் பொடியன் பாரம் தூக்கலாமா? தும்புத்தடியில இருந்து தொடங்குற வழி

போன வருஷம் கச்சான் காத்து சுழட்டி அடிச்சுக்கொண்டிருந்த ஒரு பின்னேரம் அக்காட மகன் வந்து வாசல்ல நிண்டான், வயசு 13, "மாமா, நான் ஜிம்முக்கு போகோணும்" எண்டான், அவன் சொல்லி முடிக்க முதலே அக்கா பின்னால நிண்டு "வளத்தி நிண்டுடும் எண்டு சொல்லுடா இவனுக்கு, நீ சொன்னாத்தான் கேப்பான்" எண்டா. ரெண்டு பேரும் என்ட மூஞ்சியத்தான் பாக்குறாங்க. நான் ரெண்டு பேருக்கும் பிடிக்காத பதிலச் சொன்னன்: பாரம் தூக்கலாம், ஆனா இப்ப ஜிம் இல்ல, முதல் ஆறு கிழமைக்கு வீடு கூட்டுற தும்புத்தடிதான். அதுக்குப் பிறகு நாங்க என்ன செஞ்சம், ஏன் அப்பிடிச் செஞ்சம் எண்டத எழுதுறன், வீட்டுல இதே சண்டை நடக்குறவங்களுக்கு உதவும்.

முதல்ல என்ட கதை. எனக்கு 15 வயசுல வீட்டுக்குப் பின்னால நாங்க மூண்டு பேர் சேந்து ஒரு "ஜிம்" போட்டம், ரெண்டு பெரிய பால்மா பேணிக்குள்ள சீமெந்து குழைச்சு ஊத்தி நடுவில ஒரு இரும்பு பைப்ப செருகி வெயில்ல காய வச்சம், அவ்வளவுதான் சாமான். ஒரு பேணிக்குள்ள கல்லு கூடப் போயிட்டு, அதால தூக்குற நேரம் எப்பவும் வலது பக்கம் சாயும், அத நாங்க ஒரு குறையாவே நினைக்கல்ல. எவ்வளவு கிலோ எண்டும் தெரியாது. ஒரு நாள் பந்தயம் கட்டி தலைக்கு மேல தூக்கப் போய் நாரி பிடிச்சுது பாருங்க, மூண்டு கிழமை குனிஞ்சு சப்பாத்து லேஸ் கட்ட ஏலாது, அம்மம்மா நல்லெண்ணெய் காய்ச்சித் தடவிக்கொண்டே இருந்தா, ஸ்கூல்ல விழுந்திட்டன் எண்டு பொய் சொன்னன். இண்டைக்கும் மோட்டச்சைக்கிள்ல தூரம் போனா அந்த இடம் கதைக்கும்.

அந்த பேணிட பாரத்தால என்ட வளத்தி நிக்கல்ல, எங்கட குடும்பத்துல எல்லாரும் இந்த உயரம்தான். நடந்த பிழை என்னெண்டா அங்க பாத்துக்கொண்டு நிக்க ஒரு பெரிய ஆள் இல்ல, பழக்கித்தர ஆள் இல்ல, எவ்வளவு தூக்குறம் எண்ட கணக்கு இல்ல. பிள்ளைக்கு பாரம் ஆபத்தா எண்டு கேக்காதீங்க, பிள்ளை தூக்கேக்க பக்கத்துல யார் நிக்கிறாங்க எண்டு கேளுங்க.

வளத்தி கதைக்கு வருவம், அக்கா மாதிரி கன பேர் பயப்படுறது இதுக்குத்தான். பிள்ளையள்ட நீள எலும்பு நுனிக்குக் கிட்ட வளர்ச்சித் தட்டு எண்டு ஒரு குருத்தெலும்புப் பகுதி இருக்கு, அதாலதான் எலும்பு நீளுது, பருவ வயசு முடியிற நேரம் அது எலும்பா மாறி மூடிடும். அது எலும்ப விட மென்மையானது, அடிபட்டா பிரச்சினைதான், அது உண்மை. ஆனா சரியாப் பழகி அளவா பாரம் தூக்குறதால அது கெட்டுப்போகும், வளத்தி குறையும் எண்டதுக்கு ஆதாரம் இல்ல. அமெரிக்காவில இருக்கிற குழந்தை வைத்தியர்கள்ட பெரிய சங்கம், அமெரிக்கன் அகடமி ஒஃப் பீடியாட்ரிக்ஸ், 2008லயும் பிறகு 2020லயும் இதப் பத்தி அறிக்கை விட்டிருக்கு, ஒழுங்கா மேற்பார்வையோட செஞ்சா வளத்திய பாதிக்காது எண்டுதான் சொல்லுது. உலக சுகாதார ஸ்தாபனம் 2020ல சொன்னது இன்னும் ஒரு படி மேல, 5 தொடக்கம் 17 வயசு வரைக்கும் நாளொண்டுக்கு சராசரி 60 நிமிஷம் ஓடி ஆடோணும், கிழமையில குறைஞ்சது 3 நாள் தசையையும் எலும்பையும் பலமாக்குற வேலை இருக்கோணும். யோசிச்சுப் பாருங்க, உங்கட பொடியன் மதில்ல இருந்து கீழ பாயிறான், கிரிக்கெட்டுல பந்து போட ஓடி வந்து ஒத்தக் கால அடிச்சு ஊண்டுறான், அந்த நேரம் அவன்ட காலுக்கு வாற பாரம் அவன்ட நிறைய விடப் பல மடங்கு. அதுக்கெல்லாம் நாங்க பயப்படுறேல்ல, ரெண்டு கிலோ டம்பெல்லக் கண்டாத்தான் பயம்.

உண்மையா காயம் வாறது வேற வழியால. அமெரிக்க ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுகளுக்கு வந்த காயங்கள வச்சு 2009ல வந்த ஆய்வொண்டுல 8 தொடக்கம் 13 வயசுப் பிள்ளையள்ட காயத்துல மூண்டுல ரெண்டு பங்கு கையிலயும் பாதத்துலயும்தான், கூடுதலா பாரம் கைதவறி விழுந்தது, விரல் நசுங்கினது. அப்ப வீட்டுல டம்பெல் இருந்தா செய்ய வேண்டிய முதல் வேலை அத சின்னப் பிள்ளையள் எடுக்க ஏலாத இடத்துல வைக்கிறது. கட்டிலுக்கு கீழ தள்ளி விடுறது பத்திரம் இல்ல, அங்கதான் சின்னவங்க முதல் போவாங்க.

எந்த வயசுல தொடங்குறது எண்டா வயசு நம்பர விட பிள்ளைட குணத்தப் பாருங்க, சொன்னத நிண்டு கேட்டு அதே மாதிரி செய்யிற பிள்ளையா இருந்தா 7, 8 வயசுலயே தொடங்கலாம், ஆனா அந்த வயசுல அதுக்குப் பேர் விளையாட்டு. கடற்கரை மணல்ல நண்டு நடை, கரடி மாதிரி நாலு கால்ல ஓடுறது, கயிறு இழுக்குறது, மரக்கிளையில தொங்குறது, இது காணும். இருதய வருத்தம், பிரஷர், வலிப்பு இருக்கிற பிள்ளையெண்டா கட்டாயம் டொக்டரிட்ட காட்டிக் கேட்டுட்டுத்தான். இழுப்பு இருக்கிற பிள்ளை செய்யலாம், இன்ஹேலர் பக்கத்துல இருக்கோணும்.

இப்ப தும்புத்தடி. தும்பைக் கழட்டிட்டு வெறும் தடிய எடுங்க. பிள்ளைட முதுகுல நெடுக்கா வச்சு, ஒரு கை கழுத்துக்குப் பின்னாலயும் மற்றக் கை நாரிக்குப் பின்னாலயுமா தடியப் பிடிக்க விடுங்க. தடி மூண்டு இடத்துல தொடோணும், பின் தலை, ரெண்டு தோள்பட்டைக்கும் நடு, குண்டிக்கு மேல உள்ள எலும்பு. இனி முழங்கால கொஞ்சம் மடக்கி, குண்டிய பின்னால தள்ளச் சொல்லுங்க, கையில ரெண்டு பக்கமும் சாமான் இருக்கேக்க கார்க்கதவ குண்டியால தள்ளி மூடுவமே, அந்த அசைவுதான். உடம்பு முன்னுக்கு சாயும், ஆனா தடி அந்த மூண்டு இடத்தையும் விட்டுடக்கூடாது. முதல் நாள் எங்கட ஆளுக்கு குனிஞ்ச உடன நாரிப் பக்கம் தடி விலகி இடையில என்ட உள்ளங்கை முழுசாப் போகுது, முதுகு வில்லு மாதிரி வளையிது, அவன் "சரியா மாமா?" எண்டு கேக்குறான். நான் ஒண்டும் சொல்லாம போன்ல வீடியோ எடுத்து அவனுக்கே காட்டினன், அதுதான் நல்ல வழி, நாங்க நூறு தரம் சொல்றத விட அவங்களே பாத்தா கெதியா விளங்கும். ஒன்பது நாள் எடுத்துது தடி விலகாம பத்துத் தரம் குனிஞ்சு நிமிர. இந்த அசைவு வராத பிள்ளைக்கு தரையில இருந்து எந்தப் பாரமும் தூக்கக் குடுக்காதீங்க, ஜிம்முல தூக்குற இரும்புத் தடிய (பார்) மட்டும் சொல்லேல்ல, தண்ணி வாளியும்தான்.

அதோட சேத்து நாலு வேலை பழக்கினன். கதிரையில இருந்து எழும்புறது முதலாவது, கை நீட்டி, மெதுவா மூண்டு எண்ணிக்கொண்டு இறங்கி கதிரைய குண்டி தொட்டவுடன எழும்போணும், தொப்பெண்டு விழக்கூடாது, முழங்கால் ரெண்டும் உள்ளுக்கு ஒண்டையொண்டு பாக்கக்கூடாது, குதிக்கால் தரையில இருக்கோணும். புஷ் அப் நிலத்துல ஏலாட்டி சுவர்ல தொடங்குங்க, பிறகு வாங்குல கை வச்சு, பிறகு நிலம், ஒவ்வொண்டும் 12 தரம் ஒழுங்கா வந்தாப் பிறகுதான் அடுத்தது. வாங்குல ஒரு கைய ஊண்டிக்கொண்டு மற்றக் கையால ஸ்கூல் பாக்க இடுப்புக்கு இழுக்குறது மூண்டாவது, முதுகுக்கு நல்லது, எந்த நேரமும் போனுக்குள்ள குனிஞ்சிருக்கிற பிள்ளையளுக்கு இத கூடச் செய்ய விடுங்க. நாலாவது, தடி விலகாம குனிய வந்தாப் பிறகு, ரெண்டு கையிலயும் சமனா தண்ணி நிரப்பின வாளி தூக்கிக்கொண்டு முத்தத்துல நிமிந்து நடக்குறது, தண்ணி சிந்தக்கூடாது, சிந்தினா உடம்பு ஆடுது எண்டு அர்த்தம்.

கடலுக்குள்ள விட்ட வலைய கரையில நிண்டு கயித்தால இழுக்குற கரைவலைய பாத்திருப்பீங்கதானே, எங்கட கடற்கரை ஊருல பிறந்தா பாக்காம வளர ஏலாது. பழகின ஆக்கள் கையால இழுக்கிறேல்ல, கயித்த இடுப்போட கொடுத்து குதிக்கால மணல்ல புதைச்சு பின்னுக்கு சாஞ்சு, எல்லாரும் ஒரே மூச்சில. புதுசா சேந்த ஆள் முதுக வளைச்சு கையால இழுத்து பத்து நிமிஷத்துல களைச்சிடுவான். நான் மருமகனுக்கு இடுப்பையும் காலையும் விளங்கப்படுத்தினது ஒரு காலமை கடற்கரையில அதக் காட்டித்தான். அதுக்காக சின்னப் பிள்ளைய கொண்டுபோய் வலை இழுக்க விடுங்க எண்டு சொல்லேல்ல, அந்தப் பாரத்த யாரும் அளக்கிறேல்ல, பிள்ளைக்கு ஏலாதெண்டாலும் கயிறு நிக்காது.

பாரம் கூட்டுற கணக்குக்கு கிலோ தெரிஞ்ச சாமானா எடுங்க, ஒன்றரை லீட்டர் தண்ணிப் போத்தல் ஒன்றரைக் கிலோ, நாலு போத்தல ஸ்கூல் பாக்குக்குள்ள போட்டா ஆறு கிலோ, இதத்தான் நாங்க ரெண்டு மாசம் பாவிச்சம். கட்டி அணைச்சுக்கொண்டு நெஞ்சோட வச்சு கதிரையில இருந்து எழும்புவான், சீமெந்துப் பேணிய விட எவ்வளவோ மேல, கைதவறி விழுந்தாலும் போத்தல்தான் உடையும். முதல்ல ஒரு செட் ரெண்டு செட், ஒவ்வொண்டும் 8 தொடக்கம் 12 தரம். முடிக்கேக்க இன்னும் ரெண்டு மூண்டு தரம் செய்ய ஏலும் எண்ட நிலையில நிப்பாட்டோணும், கை நடுங்கி மூஞ்சி சிவந்து கத்தி முடிக்கிறது இந்த வயசுக்கு இல்ல. 12 தரத்தத் தாண்டி 15 வரைக்கும் லேசா, ஒழுங்கு கெடாம வருது எண்டாத்தான் பாரத்த 10 வீதத்துக்குள்ள கூட்டுறது, பத்துக் கிலோவா இருந்தா ஒரு கிலோ. "மாமா ஒரு தரம் எவ்வளவு தூக்கலாம் எண்டு பாப்பமா" எண்டு கிழமைக்கு ஒருக்கா கேப்பான். இல்ல. அந்த ஒரு தர விளையாட்டுலதான் என்ட நாரி போச்சு.

மூச்சு பிடிக்க விடாதீங்க, தூக்குற நேரம் வெளிய விடோணும், இறக்குற நேரம் உள்ளுக்கு. பிள்ளை மூச்சு விடுதா எண்டு பாக்க லேசான வழி, சத்தமா எண்ணச் சொல்றது.

எத்தினை நாள் எண்டா கிழமைக்கு ரெண்டு, கூடினா மூண்டு, இடையில ஒரு நாளாவது ஓய்வு இருக்கோணும். நாங்க செவ்வாயும் சனியும் பிடிச்சம், ஏனெண்டா மற்ற நாளெல்லாம் ரியூசன். அரை மணித்தியாலம் காணும், அதுல முதல் பத்து நிமிஷம் சூடாக்க, ஓட்டம், கை சுழட்டுறது, தும்புத்தடியோட குனியிறது. சனிக்கிழமை டச் பே கடற்கரை மணல்ல செய்வம், காலமை ஆறு மணிக்கு முதல் போயிடோணும், எங்கட ஊர் வெயில் ஏழரைக்கே மண்டையப் பிளக்கும், கச்சான் மாசங்கள்ல சொல்லத் தேவையில்ல. பின்னேரம் எண்டா அஞ்சுக்குப் பிறகு. தண்ணிப் போத்தல் ஒண்டு பாரத்துக்கு, ஒண்டு குடிக்க, ரெண்டையும் மாத்திப்போட்டு பாரத்தக் குடிச்ச நாளும் இருக்கு. வாடைக் காத்து மழைக்கு வீட்டு விறாந்தை.

மூண்டு மாசம் போயும் கையில தசை தெரியேல்ல எண்டு பொடியன் கண்ணாடிக்கு முன்னால நிண்டு கவலைப்படுவான், அக்காவும் "ஒண்டையும் காணேல்லயே" எண்டா. பருவம் வர முதல் பிள்ளையளுக்கு பலம் கூடுறது தசை பெருத்து இல்ல, மூளையும் நரம்பும் இருக்கிற தசைய ஒழுங்கா வேலை வாங்கப் பழகுறதால. அதால முதல் நாள் சுவர்ல புஷ் அப் செய்யத் திணறினவன் இப்ப நிலத்துல பத்து செய்வான், கை மட்டும் அதே முருங்கைக்காய். தசை பிறகு ஹோர்மோன் வாற நேரம் வரும், அவசரப்பட ஏலாது.

வளத்தி திடீரெண்டு பாயிற காலம் ஒண்டு வரும், பெண் பிள்ளையளுக்கு 11, 12 வயசளவிலயும் ஆம்பிளப் பிள்ளையளுக்கு 13, 14லயும், ஆளுக்காள் முன்ன பின்ன இருக்கும். மூண்டு மாசத்துல காற்சட்டை கட்டையாப் போகும், நேத்து ஒழுங்காச் செஞ்சவன் இண்டைக்கு தன்ட கால்லயே தடக்கி விழுவான். எலும்பு முந்தி நீளும், தசை பிறகுதான் பிடிச்சு வரும். அந்த நேரம் பாரத்தக் குறைச்சு திரும்ப தும்புத்தடிக்கு வாங்க, பிள்ளைய சோம்பேறி எண்டு ஏசாதீங்க. முழங்கால் சில்லுக்குக் கீழ ஒரு மேடு மாதிரி வீங்கி நோகுது எண்டா அதுக்கு ஒஸ்குட் ஷ்லாட்டர் எண்டு பேர், குதிக்காலுக்குப் பின்னால நோகுது எண்டா செவர்ஸ் எண்டுவாங்க, ரெண்டும் ஓடிப் பாயிற பிள்ளையளுக்கு இந்த வயசுல வழமையா வாறது, பாயிற வேலையக் குறைச்சா தணியும், ஆனா ஒருக்கா டொக்டரிட்ட காட்டுங்க. அடுத்த நாள், அதுக்கடுத்த நாள் தொடை, கைத் தசையில வாற பொதுவான நோவுக்குப் பயப்படத் தேவையில்ல. மூட்டுல நோ, எலும்புல ஒரே இடத்துல விரல் வச்சுக் காட்டுற நோ, ராவுல எழுப்புற நோ, நொண்டுறது, ரெண்டு கிழமையாகியும் போகாத நாரி நோ, இது வந்தா நிப்பாட்டிட்டு ஆஸ்பத்திரி. எண்ணெய் தடவிக்கொண்டு இருக்காதீங்க, நான் இருந்தன்.

பெண் பிள்ளையள்ட கதைய தனியாச் சொல்லோணும். மருமகன்ட தங்கச்சி 11 வயசு, நெட்போல் விளையாடுறவ, தானும் வாறன் எண்டு நிண்டா, உடன வீட்டுல "ஆம்பிளை மாதிரி உடம்பு வந்துடும்" எண்ட கதை. வராது. அதுக்கு வேண்டிய ஹோர்மோன் அளவு பெண் பிள்ளையள்ட உடம்புல இல்ல. ஆனா நெட்போல், கரப்பந்து மாதிரி பாஞ்சு இறங்குற விளையாட்டுல முழங்காலுக்குள்ள உள்ள தசைநார் அறுறது பெண்களுக்குத்தான் கூட, தொடையும் இடுப்பும் பலமா இருந்து, முழங்கால் உள்ளுக்கு மடியாம இறங்கப் பழகினா அந்த ஆபத்து குறையும். எலும்பு அடர்த்தி சேக்குற காலமும் இதுதான், 18 வயசளவுக்குள்ள பெரும் பங்கு சேந்து முடிஞ்சிடும். அவவுக்கும் ஒரு தும்புத்தடி வாங்கினன், நாலே நாள்ல அண்ணன விட ஒழுங்காக் குனியிறா.

சாப்பாட்டுக்கு பெரிய வித்தை இல்ல. 45 கிலோ பொடியனுக்கு நாளைக்கு 45 கிராம் அளவு புரதம், விளையாடுறவனுக்கு கொஞ்சம் கூட. ரெண்டு முட்டை 12 கிராம், ஒரு நல்ல துண்டு மீன் 20, பருப்புக்கறி, அவிச்ச கடலை, கௌபி, பால், கணக்கு சரி. கடலுக்குப் பக்கத்துல இருந்துகொண்டு, மலிவா சூடை மீன் வாற ஊருல ஆயிரக்கணக்குல காசு குடுத்து புரோட்டீன் மா டின் வாங்கிறது எனக்கு விளங்காத விஷயம். நித்திரை 8 தொடக்கம் 10 மணித்தியாலம், ராவு பன்ரெண்டு மணி வரைக்கும் போன் பாக்குறவனுக்கு எந்த எக்சசைசும் வேலை செய்யாது.

ஒண்ட மட்டும் கடுமையாச் சொல்றன். ஜிம்முல பொடியன்மாரிட்ட "கெதியா சைஸ் வரும்" எண்டு குளிசையோ ஊசியோ காட்டுற ஆக்கள் இருக்காங்க. அதுல இருக்கிற ஸ்டெரொய்ட், தசை பெருக்க வைக்கிற ஹோர்மோன் மருந்து, வளர்ச்சித் தட்ட நேரத்துக்கு முதல் மூட வச்சிடும். வளத்தி நிக்கும் எண்டு அக்கா பயந்தது பிழையில்ல, ஆனா வளத்திய நிப்பாட்டுறது பாரம் தூக்குறது இல்ல, அந்த ஊசி.

கடைசியா ஜிம். 14 வயசளவுல, வீட்டுல எல்லாம் ஒழுங்கா வருது எண்டாப் பிறகு போகலாம். பாரந்தூக்கல் போட்டியா பழகுறதும் தப்பில்ல, சர்வதேச சம்மேளனம் இளையோர் பிரிவ 13 வயசுல இருந்தே வச்சிருக்கு, 2022 பேர்மிங்காம் பொதுநலவாய விளையாட்டுல 55 கிலோ பிரிவுல எங்கட இலங்கை நாட்டு இசுரு குமார வெண்கலம் எடுத்தவர், அப்பிடியான ஆக்கள் எல்லாம் வருஷக்கணக்கா கோச்சிட கண்ணுக்கு முன்னால வளந்தவங்கதான். ஜிம்மச் சேர முதல் நீங்க தனியாப் போய் ஒரு மணித்தியாலம் சும்மா இருந்து பாருங்க. பழக்குறவர் போன்ல இருக்காரா, பிள்ளையளப் பாக்குறாரா? பிழையாத் தூக்குறவன நிப்பாட்டுறாரா, இல்லாட்டி "இன்னும் ஒண்டு, இன்னும் ஒண்டு" எண்டு கத்துறாரா? சின்ன ஆக்களுக்கு 5 கிலோ, 10 கிலோ பார் இருக்கா? நான் போன முதல் இடத்துல ஒரு பிள்ளை பெஞ்சில படுத்து பாரத் தூக்குது, தலைமாட்டுல ஒருத்தரும் இல்ல, நான் திரும்பி வந்துட்டன்.

ரெண்டாவது இடம் பிடிச்சுது. அங்க முதல் நாள் மருமகன் நேரா பெரிய பாருக்குப் போனான், பிளேட் ஒண்டும் போடாட்டியும் அது 20 கிலோ. கோச் அண்ணா சிரிச்சுக்கொண்டு மூலையில இருந்த 10 கிலோ பார எடுத்துக் குடுத்தார், முதுகப் பாத்தார், "யார் தம்பி பழக்கினது?" எண்டு கேட்டார், எனக்குக் கொஞ்சம் பெருமைதான். ரெண்டு செட் முடிச்சு கொப்பியில 10 கிலோ எண்டு எழுதினான், வீட்டுக்கு வந்து அக்காட்ட இருபது எண்டு சொல்லியிருக்கான்.